நீதிபதி மீது பதினொரு வரிகள்

அக்காவிடம் ஒருவர் கோபத்தோடு வந்தால் முதலில் தேத்தண்ணி வைப்பார். பிறகு, “எத்தினை மணிக்கு?” என்று கேட்பார். என்ன நடந்தது என்று கேட்கமாட்டார். யார் செய்தது என்றும் கேட்கமாட்டார். வந்தவர் அநியாயம், அக்கிரமம், இந்த நாட்டில் எங்களுக்கு நீதியே இல்லை என்று ஒரே மூச்சில் கொட்டி முடித்துவிட்டு நிமிர்ந்தால், அக்கா தன் குறிப்புக் கொப்பியை விரித்து வைத்தபடி அதே கேள்வியோடு உட்கார்ந்திருப்பார். பாதிப் பேருக்கு அந்த இடத்திலேயே சுருதி இறங்கிவிடும்.

ஹம்பேர்க்கில் எங்கள் தமிழ் ஆட்கள் எல்லோருக்கும் அவர் அக்கா, முறைப்பாடு எழுதித் தருவதில் பெயரெடுத்தவர். வழக்கு விசாரணையில் ஒரு நீதிபதி மரியாதை தப்பி நடந்தால், அந்த நீதிமன்றத்தின் தலைவருக்கு முறைப்பாடு எழுதலாம். ஜேர்மன் மொழியில் அதற்கு டீன்ஸ்ட்டவ்ஃப்ஸிக்ட்ஸ்பெஷ்வேர்ட என்று பெயர். பெட்டி பெட்டியாக நீளும் அந்தச் சொல்லை முழுதாகச் சொல்லி முடிக்க எங்களில் ஒருவருக்கும் பொறுமை இல்லை. கோயிலில் அதை ‘ரயில்’ என்பார்கள். “அக்காவைப் பிடிச்சு ஒரு ரயில் விடவேணும்” என்று யாராவது சொன்னால், அவர் எங்கோ ஒரு நீதிமன்றத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார் என்று அர்த்தம். அக்காவும் அந்தப் பெயரை ஏற்றுக்கொண்டிருந்தார். “ரயில் விடலாம். ரீல் விடாமல் வாங்கோ” என்பார்.

ஒருமுறை, வேகமாகக் காரோட்டி லைசென்ஸைப் பறிகொடுத்த அண்ணை ஒருவர் வந்தார். நானும் அங்கே இருந்தேன். தீர்ப்புச் சொல்லும்போது நீதிபதி தன்னை முறைத்துப் பார்த்தார் என்பது அவருடைய குறை.

“எத்தினை மணிக்கு முறைச்சவர்?” என்று கேட்டார் அக்கா.

“தொடங்கினதில இருந்து முடியுமட்டும்.”

“மற்ற ஆக்களையும் அப்பிடித்தான் பாத்தவரோ?”

அண்ணை யோசித்தார். “ஓம், எல்லாரையும்தான்.”

“அப்ப அது அவற்ற முகம், அண்ணை. முகத்துக்கு முறைப்பாடு எழுத ஏலாது. தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ.”

பத்துப் பேர் வந்தால் ஒன்பது பேரை இப்படித்தான் தேத்தண்ணியோடு அனுப்பிவிடுவார். தோற்ற வழக்குக்காக வந்தவர்களுக்கு அவர் சொல்வது ஒன்றே ஒன்று. “தீர்ப்புப் பிழையெண்டால் மேல்கோட்டுக்குப் போங்கோ, அது வேற கதவு. ஒரு நீதிபதி என்ன தீர்ப்புச் சொல்லவேணும் எண்டு தலைவரும் சொல்ல ஏலாது. அவர் எப்பிடிக் கதைச்சவர், எப்ப வந்தவர், எவ்வளவு காலம் இழுத்தடிச்சவர், அதைத்தான் தலைவர் கேப்பார்.” ரெண்டையும் ஒரே கடிதத்தில் கலந்தால் தலைவர் தீர்ப்பைப் பற்றிய வரியைக் காட்டி முழுக் கடிதத்தையும் மூடிவிடுவார் என்பதை, மா குழைக்கும்போதுகூட ஆட்களுக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருப்பார்.

அவர் வக்கீல் இல்லை. நீதிமன்றத்துக்கு எதிரே ரயில் நிலையத்தில் பாணும் ரொட்டியும் சுட்டு விற்கும் கடையில் விடியற்காலை வேலை செய்தார். பத்து மணிக்கு வேலை முடியும். முடிந்ததும் ஏப்ரனைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வீதியைக் கடந்து நீதிமன்றத்துக்குள் போவார். அங்கே விசாரணைகளை யாரும் போய்ப் பார்க்கலாம், கேள்வி கேட்கமாட்டார்கள். ஜேர்மன் படிப்பதற்காகத் தொடங்கிய பழக்கமாம். குளிர் காலத்தில் உள்ளே நல்ல சூடு, நாடகத்தை விடத் திறம், இடையில் விளம்பரமும் இல்லை என்பார். வாசலில் பையைச் சோதிக்கும் காவலாளி அவருடைய வெண்ணெய்க் கத்தியை ஒவ்வொரு முறையும் எடுத்து வைத்துக்கொண்டு, போகும்போது திருப்பிக் கொடுப்பார். கடைசி வரிசை வாங்கில் உட்கார்ந்து அக்கா கொப்பியில் எழுதுவார். இடது பக்கம் மணி, வலது பக்கம் கண்ணால் கண்டது, காதால் கேட்டது. அவ்வளவுதான்.

இந்தப் பழக்கம் நீதிமன்றத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கல்யாண வீட்டிலிருந்து வந்து “நல்ல கல்யாணம் அக்கா” என்று சொன்னால், “என்ன நல்லது? சாப்பாடு எத்தினை மணிக்கு வந்தது?” என்று கேட்பார். கோயில் ஆண்டு விழாவில் ஐந்து நிமிடம் பேசுவதாகச் சொன்ன நிர்வாகத் தலைவர் எவ்வளவு நேரம் பேசினார் என்பது அக்காவுக்குத் தெரியும் என்று தலைவருக்கும் தெரியும். அடுத்த வருடம் அவர் எழுதி வைத்து வாசித்தார். அக்காவின் கணவர் ஒரு சாந்த சொரூபி. “வெளியில உங்களுக்கு அவ உதவி. எனக்கு வீட்டிலயும் கோட்டுத்தான்” என்று சிரிப்பார்.

ஒருநாள் என் மனைவி அரும்பாடுபட்டு ஒடியற்கூழ் காய்ச்சி அக்காவை அழைத்திருந்தாள். குடித்து முடித்த அக்கா, “உப்பு அளவாக் காணும். மீன் நாலு விதம். நான் மூண்டு தரம் வாங்கினனான்” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. மனைவிக்கு முகம் கறுத்துவிட்டது. அருமை, பிரமாதம் என்று ஒரு வார்த்தை வராதா என்று எனக்கே தோன்றியது. மூன்று தரம் வாங்கினேன் என்று அக்கா யாரிடமும் இலேசில் சொல்வதில்லை என்பது பல மாதங்கள் கழித்துத்தான் எங்களுக்கு விளங்கியது. அதற்குப் பிறகு மனைவி அந்த வாக்கியத்தை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள்.

இப்போது அக்கா ஹம்பேர்க்கில் இல்லை. மகளுக்குப் பிள்ளை பிறந்ததும் ஸ்டுட்கார்ட் பக்கம் போய்விட்டார். அவரை நினைக்கும்போது எனக்குச் சிரிப்பும் வரும், கொஞ்சம் சுருக்கென்றும் இருக்கும். அதற்குக் காரணம் என் சொந்த வழக்கு.

நாங்கள் இருக்கும் வீடு மூன்றாம் மாடி. வீட்டுக்காரர் கீழே இருக்கிறார். பதினெட்டு வருடம் சண்டை சச்சரவில்லாமல் இருந்தோம். ஒரு சனிக்கிழமை நான் இருபது கிலோ அரிசி மூட்டையைத் தோளில் வைத்துப் படியேறிக்கொண்டிருந்தபோது, அவர் கதவைத் திறந்து பேசத் தொடங்கினார். தன் பெறாமகன், சகோதரனின் பிள்ளை, படிக்க வருகிறானாம், கோடைக்குள் நாங்கள் வீட்டை விட்டால் நல்லதாம். மூட்டை தோளை அழுத்துகிறது. நான் “ஓம்... ஓம்... ஓம்...” என்று கேட்டுக்கொண்டே ஏறிவிட்டேன்.

எங்கள் ஆட்களுக்குத் தெரியும், ஓம் என்றால் ஆமாம். ஆனால் ஒருவர் பேசும்போது இடையிடையே நாங்கள் சொல்லும் ஓம், ஆமாம் இல்லை. அது ‘காது இங்கே இருக்கிறது, சொல்லுங்கோ’ என்பது. ஜேர்மன்காரரோடு டெலிபோனில் பேசும்போதும் அது நம்மை அறியாமல் வாயில் வந்துவிடும். என் கெட்ட காலம், பல வருடங்களுக்கு முன் வீட்டுக்காரர், “நீங்கள் எப்போதும் ஓம் என்கிறீர்களே, அப்படியென்றால் என்ன?” என்று கேட்டபோது, “யா என்று அர்த்தம்” என்று நானே பெருமையோடு படிப்பித்திருந்தேன்.

கோடை வந்தது. நாங்கள் கிளம்பவில்லை. வீட்டுக்காரர் வழக்குப் போட்டார். படிக்கட்டில் நான் மூன்று தரம் சம்மதித்தேன் என்பது அவர் கட்சி.

அந்த நீதிமன்றத்தில் இப்படியான வழக்குக்கு வக்கீல் கட்டாயமில்லை. எனக்கு ஜேர்மன் வரும் என்ற திமிரில் தனியாகவே போனேன். என் பின்னால் மனைவி. அவளுக்கும் பின்னால், கடைசி வாங்கில், வழக்கம்போல அக்கா. நீதிபதி என்னைப் பார்த்து, “படிக்கட்டில் உங்கள் வீட்டுக்காரர் பேசியபோது, கோடைக்குள் வீட்டைக் காலி செய்வதாக நீங்கள்...” என்று கேள்வியைத் தொடங்கினார். நான் கவனமாகக் கேட்கிறேன் என்று காட்டுவதற்காக, “ஓம்” என்றேன்.

நீதிபதி பேனையைக் கீழே வைத்தார். இரண்டு கைகளின் விரல்களையும் யோகாசனக்காரர் போல வளைத்துக் காட்டி, “நாம் இங்கே யோகா வகுப்பில் இல்லை” என்றார்.

சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு வீட்டுக்காரரிடம் திரும்பினார். அதன் பிறகு என் வாயிலிருந்து ஒரு ஒழுங்கான வசனம் வரவில்லை. ஆறு வாரம் கழித்து இரண்டாம் விசாரணை என்று தேதி கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று, ஓம் என்பதற்கு என்ன அர்த்தம் என்று ஜேர்மனில் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அந்த வளைந்த விரல்கள் கண் முன்னால் வந்தன, நாக்கு நின்றுவிட்டது. அந்த நீதிபதிக்கு முன்னால் வாய் திறக்க முடியாவிட்டால் வீடு போய்விடும் என்பது எனக்கும் மனைவிக்கும் நன்றாகத் தெரிந்தது.

மறுநாள் மூன்று பக்கம் எழுதிக்கொண்டு அக்காவிடம் போனேன். அகராதி பார்த்துப் பொறுக்கிய சொற்கள். திமிர் பிடித்த, இனவெறி கொண்ட, ஒரு பண்பாட்டையே காலில் போட்டு மிதித்த நீதிபதி. முழுச் சபையும் கைகொட்டிச் சிரித்தது. அந்த ஆளை மாற்றவேண்டும் என்பது கடைசி வரி.

அக்கா சிவப்புப் பென்சிலை எடுத்தார். தேத்தண்ணி ஆறுவதற்குள் மூன்று பக்கமும் சிவந்துவிட்டது.

“அக்கா, அவன் இனவெறிக்காரன்தானே?”

“அவற்ற மனசுக்குள்ள என்ன இருந்தது எண்டு எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. விரலை இப்பிடி வளைச்சவர், அது எனக்குத் தெரியும். பத்து நாப்பத்தேழு.” கொப்பியைத் திருப்பிக் காட்டினார். “விரலை எழுதுங்கோ. வாசிக்கிற தலைவர் தானே ‘திமிர்’ எண்டு சொல்லுவார். நீங்கள் சொன்னால், அவர் இல்லையெண்டு சொல்லத்தான் பாப்பார்.”

“ஆளை மாத்தச் சொல்லிக் கேக்கேலாதோ?”

“அது வேற விண்ணப்பம், தம்பி. அந்த இடத்திலயே கேட்டிருக்கவேணும். நீங்கள் அதுக்குப் பிறகும் இருந்து மறுமொழி சொன்னனீங்கள்.”

அப்போதுதான், தான் எழுதிய முதலாவது ரயிலைப் பற்றிச் சொன்னார். நாட்டுக்கு வந்த புதிதில் அவருடைய தம்பியின் அகதி வழக்கு. விசாரணை நடக்கும்போது நீதிபதி நித்திரை. அக்கா கண்ணால் கண்டார். நாலு பக்கம் எழுதி அனுப்பினார். ஈவிரக்கமற்ற, கல்நெஞ்சம் கொண்ட என்று ஒரு சொல் மிச்சம் விடவில்லையாம். இரண்டு வரியில் பதில் வந்தது, நீதிபதிகள் சுதந்திரமானவர்கள், தீர்ப்பில் தலையிட முடியாது என்று.

“நாலு பக்கத்திலயும் ஒரு வசனம் இல்லை, தம்பி. எத்தினை மணியில இருந்து எத்தினை மணிமட்டும் கண் மூடியிருந்தவர், என்ர தம்பி என்ன சொல்லேக்க மூடினவர் எண்டு. அது ஒண்டுதான் வேணும். அது ஒண்டைத்தான் நான் எழுதேல்லை.” கொஞ்ச நேரம் பென்சிலைச் சீவினார். தம்பியைத் திருப்பி அனுப்பிவிட்டார்களா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. பிறகு விசாரித்தேன், அவர் பாரிஸில் நன்றாக இருக்கிறார்.

கடைசியில் பதினொரு வரிகள் மிஞ்சின. நாள், அறை, மணி. நீதிபதி கேட்ட கேள்வி. நான் சொன்ன ஒரு சொல், அதற்குத் தமிழில் உள்ள இரண்டு பொருள்கள். நீதிபதியின் வாக்கியம், மேற்கோள் குறிக்குள். விரல்கள். சிரித்தவர்கள் மூன்று பேர். நான் விளக்க முயன்றதும் கையைக் காட்டி நிறுத்தியதும், பத்து நாற்பத்தொன்பது. வழக்கின் முடிவைப் பற்றி இந்தக் கடிதத்தில் நான் எதுவும் கேட்கவில்லை. அடுத்த விசாரணையில் என்னைப் பேசி முடிக்க விடவேண்டும் என்று கேட்கிறேன். சாட்சி ஒருவர் இருக்கிறார், அவருடைய கூற்று இணைக்கப்பட்டுள்ளது.

“மூண்டு பேரோ? முழுச் சனமும் சிரிச்சது அக்கா.”

“மூண்டு பேர். வீட்டுக்காரர், அவற்ற வக்கீல்...” அக்கா கொப்பியை என் பக்கம் தள்ளினார். வலது பக்கத்தில் அவருடைய உருண்டைக் கையெழுத்தில் இருந்தது: சிரித்தவர்கள் மூவர். மூன்றாவது நான்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. கையில் இருந்த கோப்பையை மேசையில் வைத்தேன்.

“நீங்களோ?”

“ஓம். சிரிப்பு வந்திட்டுது. சிரிச்சனான்.”

இணைத்திருந்த சாட்சிக் கூற்றிலும் அதே வரி ஜேர்மனில் இருந்தது. சிரித்த மூவரில் நானும் ஒருத்தி.

“அக்கா, இதை எடுங்கோ. தமிழ் மனிசியே சிரிச்சது, அப்ப அது சும்மா பகிடிதானே எண்டு சொல்லி மூடி வைச்சிடுவாங்கள்.”

“எடுக்க மாட்டன். தலைவர் அந்த நீதிபதியிட்டயும் எழுத்தில விளக்கம் கேப்பார். ‘அவையின்ர ஆளே பின்னால இருந்து சிரிச்சது’ எண்டு அவர் எழுதினால் உங்கட பதினொரு வரியும் முடிஞ்சுது. அவர் சொல்ல முதல் நாங்கள் சொல்லிப்போடவேணும்.” பிறகு சற்று இறங்கிய குரலில், “அதோட, அது நடந்தது தம்பி” என்றார்.

நான் கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். நீதிபதி சிரிக்க வைத்ததுகூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. அந்தக் கடைசி வாங்கு ஒன்றுதான் எனக்கு ஆதரவு என்று நினைத்துக்கொண்டு நின்றிருந்தேன், அங்கிருந்தும் சிரிப்பு வந்திருக்கிறது. இரண்டு நாள் அக்காவைத் திட்டிக்கொண்டு திரிந்தேன். மூன்றாம் நாள் மனைவி, “கையெழுத்து வைக்கப்போறீங்களோ, இல்லாட்டிப் பெட்டி கட்டுவமோ?” என்று கேட்டாள். கையெழுத்து வைத்தேன்.

நாலு வாரத்தில் பதில் வந்தது. வழக்கமான இரண்டு வரி இல்லை, ஒரு முழுப் பக்கம். நீதிபதியிடம் விளக்கம் கேட்கப்பட்டது. அந்த வார்த்தையும் சைகையும் பொருத்தமற்றவை, அது அவரோடு பேசப்பட்டிருக்கிறது. சாட்சி தன்னையும் சேர்த்துச் சொல்லியிருப்பதால் அவருடைய கூற்றை நம்பாமலிருக்கக் காரணம் எதுவும் தெரியவில்லை என்று ஒரு வரியும் இருந்தது. அந்த வரியை மனைவி இரண்டு தரம் சத்தமாக வாசித்தாள். நான் கேட்காதது போல இருந்தேன்.

இரண்டாம் விசாரணைக்குப் போனோம். முறைப்பாடு வாங்கிய மனிதர் என்ன செய்வாரோ என்ற பயம். நீதிபதி உள்ளே வந்து உட்கார்ந்தார். கோப்பைத் திறக்காமல், “சென்ற முறை நான் சொன்ன ஒரு வார்த்தை இந்த அறைக்கு உரியதல்ல. மன்னிக்கவேண்டும்” என்றார். அவர் காது சிவந்திருந்தது. பிறகு கேள்வியை மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். “படிக்கட்டில் உங்கள் வீட்டுக்காரர் பேசியபோது, கோடைக்குள்...”

“ஓம்” என்றது என் பாழாய்ப்போன வாய்.

பின்னால் மனைவி மூச்சை இழுத்தது கேட்டது. நீதிபதி பேனையைப் பிடித்தபடியே என்னைப் பார்த்தார்.

“இது எந்த ஓம்? ஆமாம் என்பதா, கேட்கிறேன் என்பதா?”

“கேட்கிறேன் என்பது” என்றேன் நான். அவ்வளவு நாள் கண்ணாடி முன்னால் வராத ஜேர்மன் அப்போது மடை திறந்தது போல வந்தது. அரிசி மூட்டை, இருபது கிலோ, மூன்றாம் மாடி, வீட்டுக்காரருக்கு நானே அரைகுறையாகப் படிப்பித்த பாடம், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒருமுறையும் குறுக்கிடவில்லை. “அப்படியானால் படிக்கட்டில் சொன்ன மூன்றும்?” என்று கேட்டார். “மூன்றும் அதே ஓம்தான்” என்றேன். வீட்டுக்காரரே தலையைக் குனிந்து கொஞ்சம் சிரித்தார். நீதிபதி அத்தனையையும் பதிவில் ஏற்றச் சொன்னார்.

தீர்ப்பு பிறகு எழுத்தில் வந்தது. நாங்கள் வீட்டை விடவேண்டியதில்லை. இதை அதே மூன்றாம் மாடிக் குசினியில் இருந்துதான் எழுதுகிறேன். வீட்டுக்காரரோடு இப்போது நல்ல உறவு, ஆனால் படிக்கட்டில் அவரைக் கண்டால் ஆமாம், இல்லை என்ற ஜேர்மன் ‘யா’, ‘நைன்’ இரண்டைத் தவிர நான் எதுவும் சொல்வதில்லை.

அன்று விசாரணை முடிந்து வெளியே வந்தபோது மனைவி ஓடிப்போய் அக்காவைக் கட்டிப்பிடித்தாள். பிறகு மாட்டியிருந்த குளிர்ச்சட்டையை எடுக்கப் போனாள். நடைகூடத்தில் நானும் அக்காவும் மட்டும். அவருடைய சட்டைக் கையில் மா ஒட்டியிருந்தது. நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன்.

“தம்பி, பொறுங்கோ. அண்டைக்கு நான் சிரிச்சது பிழை.”

“அதை விடுங்கோ அக்கா, பரவாயில்லை. அதாலதானே அவங்கள் நம்பினவங்கள்.”

“அது வேற. தலைவருக்கு எழுதினனான். பிழையெண்டு உங்களிட்டச் சொல்லேல்லை.” அவர் கையில் கொப்பி இல்லை, வெறுங்கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அவரை அப்படி நான் பார்த்ததில்லை. “உங்களுக்கு நொந்ததோ?”

இல்லை என்று சொல்லித்தான் எங்களுக்குப் பழக்கம். அதிலும் இவ்வளவு உதவி செய்த ஒருவரிடம். ஆனால் எதிரில் நின்றது அக்கா.

“ஓம் அக்கா” என்றேன்.

எந்த ஓம் என்று அவர் கேட்கவில்லை.